கரை பிரிந்த ஒரு முழம்

ஐப்பசி 17, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. இரண்டு பக்கெட் இறைத்துவிட்டு, சாக்கு விரித்துக் காலை வைத்தேன். ஈரக் காற்றில், தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பிரித்துவிட்டால் அறுகிறது.

செய்ய வேண்டியவை:
ஓட்டுக்கு மேல் பாலித்தீன் ஷீட்.
பவிக்கு போன்.
வக்கீலம்மா கேட்ட ஆதார் நகல், கல்யாணப் போட்டோ.
குப்பை.

குப்பைக்கு வருகிற அம்மா காலையில் வாசலில் நின்று கத்தினார். "இன்னாண்ணா, எத்தினி வாட்டி சொல்றது, மக்குறது தனி, மக்காதது தனின்னு? எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிக்கினு. பிரிச்சி குடுத்தா கொறஞ்சா பூடுவ?" அந்த நேரம் பார்த்துத் தே. தெருவில் வந்தாள். ஒன்பது மணி, வழக்கம்போல. டிபன் டப்பா, குடை. செருப்பைக் கழற்றினாள், நேராகப் போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

தே. என்றால் தேவகி, என் மனைவி. முழுப் பெயர் எழுதக் கை கூசுகிறது. வீட்டைவிட்டுப் போய்ப் பதினாலு மாதம். பிள்ளையார்பாளையத்தில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறாள். வருகிற வியாழன் இரண்டு பேரும் சேர்ந்து விவாகரத்து மனு கொடுக்கிறோம். அதற்காகத் தறிக்கு வராமல் இருக்க முடியுமா? கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் நடுவில் உட்கார்ந்து நாடாவில் உடல் நூலைக் குறுக்கே ஓட்டுவேன், அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூலை ஓட்டுவாள். ஒரு தடவை ஓட்டினால் ஓர் அடி; ஒவ்வோர் அடிக்கும் இரண்டு நூலும் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். புது ஆளை உட்கார வைத்தால் அடி மாறும், கோடு போட்ட மாதிரி தெரியும். பத்தொன்பது வருடப் பழக்கம். ஆகவே வீடு தனி, தறி ஒன்று.

பேச்சு இல்லை. என்னோடு இல்லை, அவ்வளவுதான். தறியோடு பேசுவாள். "இங்க ஒரு எழ அறுந்துபோச்சு." "நாடாவுல நூலு தீந்துபோச்சு." யாருக்குச் சொல்கிறாள் என்பதே தெரியாத பேச்சு.

இந்தப் பாவில் மூன்று புடவை. இரண்டு முடிந்தது. மூன்றாவதில் ஒன்றரை கெஜம் பாக்கி. அதை அறுத்துக் கொடுத்தால் வர மாட்டாள். ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம், மகள் பவி சொன்னது. அதற்குள் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். பதினாலு மாதமாகச் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை. இன்றும் எழுதவில்லை. பக்கெட் இறைத்ததைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

ஐப்பசி 18, செவ்வாய்

மழை விட்டது. வெயில் சுள்ளென்று. அரை கெஜத்துக்குக் கொஞ்சம் குறைவு.

நாலரைக்குத் தறியை நிறுத்தி வக்கீலம்மாவிடம். நான் சைக்கிளில், தே. ஷேர் ஆட்டோவில். ஒரே இடத்துக்கு.

வக்கீலம்மா சின்ன வயசு. முப்பது இருக்கும். "ஒரு வருஷமாவது பிரிஞ்சி வாழ்ந்திருக்கணும். கடைசியா எப்ப ஒண்ணா இருந்தீங்க?"

"இன்னிக்கி நாலரை வரைக்கும்" என்றாள் தே.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். நான் தறி விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரே தறியா? பக்கத்துல பக்கத்துலயா?"

"முழங்கை இடிக்குங்க" என்றாள் தே.

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டு விளக்கினார். "பரவால்ல. சட்டத்துல பிரிவுன்னா ஊரு விட்டு ஊரு போறது இல்லம்மா. ஒரே கூரைக்கு அடியில இருந்தாக்கூட, புருஷன் பொண்டாட்டியா வாழலன்னா அது பிரிவுதான். இவரு உங்ககூட வேலை செய்யறவரு. அவ்ளோதான்."

கூட வேலை செய்கிறவர். சரிதான். பத்தொன்பது வருடத்தில் அதையாவது ஒழுங்காகச் செய்தேனா?

"எந்தத் தேதியிலிருந்து பிரிவு?"

நான் புரட்டாசி என்று உளறினேன். தே. உடனே: "போன வருஷம் ஆவணி கடைசி வெள்ளிக்கெழம. மத்தியானம். கடையில."

"கடையிலயா? வீட்ட விட்டுப் போனது எப்பம்மா?"

"அது சாயங்காலம்."

வக்கீலம்மா சாயங்காலத்தை எழுதிக்கொண்டார். காரணம் என்ன போடுவது என்று கேட்டார். தே. என்னைப் பார்த்தாள். பதினாலு மாதத்தில் முதல் தடவை நேராகப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்கு என்ன விசேஷம் என்று படித்தேன். வெட்கங்கெட்டவன்.

"கருத்து வேறுபாடுன்னு போட்டுக்குங்க" என்றாள் அவளே.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் டீ. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கண்டக்டரிடம் வந்தவாசி பிரிவு எங்கே வரும் என்று கேட்டார். கண்டக்டர்: "பிரிவெல்லாம் இங்க இல்ல சார், கூட்ரோடுதான்." ரோடு இரண்டாகப் போகிற இடத்தை அங்கே பிரிவு என்கிறார்கள், இங்கே கூட்ரோடு என்கிறோம். ரோடு என்னவோ ஒன்றுதான். டீ ஆறிப்போயிருந்தது.

ஐப்பசி 19, புதன்

மேகமூட்டம். காலையில் நாற்பது தடவைகூட நாடா ஓடவில்லை, வலப்பக்கம் நூல் சிக்கல். தே. குனிந்து ஒவ்வோர் இழையாக விலக்கினாள். நான் சும்மா இருந்தேன். அவள் தலையில் நரை அதிகமாகியிருக்கிறது.

மத்தியானம் பவி போன். சென்னையில் லேப் டெக்னீசியன் படிப்பு, இரண்டாம் வருடம். ஹாஸ்டல். இன்று ரத்தத்தைப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார்களாம். "மெஷின்ல வச்சி சுத்த விட்டா போதும்பா. கீழ செவப்பு, மேல மஞ்சத் தண்ணி. தனித்தனியா நின்னுடும்." ஒரே டியூபில் இருந்ததா என்று நம்ப முடியாதாம். அப்புறம் குரல் மாறிவிட்டது. "அப்பா, நாளைக்கு கோர்ட்டு. இப்பவாச்சும் சொல்லு. இன்னாதான் நடந்துது? அம்மாவக் கேட்டா 'உங்கப்பா சொல்லட்டும்'ன்றாங்க. உன்னக் கேட்டா மழ பெய்யுதுன்ற."

"மழதாம்மா பெய்யுது" என்றேன். பெய்யவில்லை. வைத்துவிட்டாள்.

சரி. எழுதுகிறேன்.

போன வருடம் ஆடியில் ஒரு முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. வேலூர்ப் பக்கத்துக் கல்யாணம். பட்டுக்கடை முதலாளி தினம் போன் போட்டுக்கொண்டிருந்தார். பாவு அவருடையது, தறியும் அவருடையது. தே.வுக்குக் காய்ச்சல், எழுந்து உட்கார முடியவில்லை. "ரெண்டு நாள் நிறுத்துங்க, நான் வந்து உக்கார்றேன்" என்றாள். நான் கேட்கவில்லை. ஒரு நாள் முழுக்கத் தனியாக ஓட்டினேன். இடப்பக்கம் கை எட்டியது. வலப்பக்கம் எட்டி எட்டி, பாதி அடிக்கு நூலை மாட்டவில்லை. பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தேன். பார்த்தால் சேர்ந்த மாதிரி இருக்கும். சேர்ந்திருக்காது. ஒரு முழம். தெரிந்துதான் செய்தேன். கஞ்சி போட்டுத் தேய்த்தால் தெரியாது என்று நினைத்தேன். தே.விடமும் சொல்லவில்லை.

மணமேடையில் பெண் குனிந்து பெரியவர்கள் காலில் விழுந்தபோது முட்டிக்குப் பக்கத்தில் கரை தனியாகப் பிரிந்துவிட்டது. சபையில்.

ஆவணி கடைசி வெள்ளி, பெண்ணின் அம்மா புடவையோடு கடைக்கு வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். கடையில் கணக்கர், நாலைந்து நெசவுக்காரர்கள், அந்தம்மாவின் சொந்தக்காரர்கள். முதலாளி புடவையை விரித்து விரலை உள்ளே விட்டுக் காட்டினார். அவர் விரல் அந்தப் பக்கம் வந்தது. "வலப்பக்கம். யாருய்யா உக்காந்தது?"

"அவதாங்க" என்றேன்.

ஒரே சொல். யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. தறியைப் பிடுங்கிவிடுவார் என்ற பயம். வேறு ஒன்றும் இல்லை. பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன்.

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?" என்றார் முதலாளி. அந்தம்மா அழுதுகொண்டே, "கல்யாணத்தன்னிக்கு கரை பிரிஞ்சா எங்க பொண்ணு வாழ்க்கைக்கு இன்னா அர்த்தம்? நீ நல்லா இருப்பியா?" என்றார். இன்னும் என்னென்னவோ. தே. கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் பையை எடுத்தாள். சண்டைகூடப் போடவில்லை.

அதற்கப்புறம் தெருவில் பேச்சு, தேவகிக்குக் கைராசி போய்விட்டது என்று. மூன்று கல்யாணத்துக்கு நலங்கு வைக்க அவளைக் கூப்பிடவில்லை. முன்னெல்லாம் முதல் கை அவளுடையதாக இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

எழுதிவிட்டேன். எழுதினால் பாரம் குறையும் என்பார்கள். பொய்.

ஐப்பசி 20, வியாழன்

கோர்ட். பத்தரைக்குப் போய் ஒன்றரைக்கு அழைத்தார்கள். வராண்டாவில் ஒரே பெஞ்சு. அவள் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி, நடுவில் யாரோ ஒரு குழந்தைக்கு அவள் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவர் யாரிடமோ: "பாகப்பிரிவின கேசு, எங்கப்பா போட்டது. கெணத்த எப்பிடி பிரிக்கறதுன்னு இன்னும் முடிவாகல."

நீதிபதி ஐந்து நிமிடம்கூடக் கேட்கவில்லை. யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. சேர்ந்து வாழ வாய்ப்பு உண்டா? தே. இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன், அவள் சொன்னதால். "இவர் உங்களை அடிச்சாரா? குடிப்பழக்கம்?"

"அதெல்லாம் இல்லைங்க. நல்லவருதான். ஒத்துப்போகல."

நல்லவர். அத்தனை பேர் நடுவில். மறுபடியும் எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் மறுபடியும் நின்றேன். நாக்கை வீட்டில் வைத்துவிட்டா போனேன்? "காரணம் நான்தாங்க" என்றால் என்ன, தலையையா வெட்டிவிடுவார்கள்? கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

ரேஷன் கார்டில் பெயர் நீக்க என்னென்ன வேண்டும் என்று தே. வக்கீலம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கார்டு பிரிக்கறது ஈசிம்மா, ஆன்லைன்ல." ஈசியாம்.

மதியச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் பசித்தது. தின்றேன்.

ஐப்பசி 21, வெள்ளி

வெயில். முக்கால் கெஜம் பாக்கி.

சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு ஓடினேன். வேண்டுமென்றே அந்த நேரம். கணக்கர் சாப்பிடப் போயிருப்பார், கூட்டம் இருக்காது. முதலாளி தனியாக மொபைல் பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். போன வருடம் அந்த அரக்குப் புடவை, வலப்பக்கக் கோர்வை, அது தேவகி இல்லை, நான்.

"எந்தப் புடவைப்பா?"

வேலூர்க் கல்யாணம் என்றேன். பச்சைக் கரை என்றேன். அந்தம்மா அழுதது. யோசித்தார்.

"ஓ, அதுவா. எனக்கு எங்க ஞாபகம் இருக்குது, மாசத்துக்கு நாலு வருது. அவங்களுக்கு வேற புடவ குடுத்து அனுப்பியாச்சே." மொபைலைப் பார்த்தபடியே, "அதுக்கு இன்னா இப்போ?"

ஒன்றும் இல்லைங்க என்று வந்துவிட்டேன்.

யாருக்குப் பயந்து அன்றைக்குப் பொய் சொன்னேனோ, அவருக்கு நினைவே இல்லை. ரோட்டில் நின்று சிரித்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஐப்பசி 22, சனி

பவிக்குக் காலையிலேயே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், ஒரு முழம், "அவதாங்க." லைனில் இருக்கிறாளா என்று இரண்டு தரம் கேட்டேன். "இருக்கேன்பா." அப்புறம், "கிளாஸுக்கு போறேன்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தே. டிபன் டப்பாவைத் திறக்கிற நேரம். எலுமிச்சை சாதம். தறிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்தாள்.

"அந்த ஒரு மொழம் நான்தான் ஓட்டுனேன். நூல மாட்டல. தெரிஞ்சேதான். தப்பு உம்மேல இல்ல."

"தெரியும்" என்றாள். சாதத்தை உருட்டிக்கொண்டே. "நான் காய்ச்சல்ல படுத்துக்கினு இருந்தேன், செத்தா போயிட்டேன்? மறுநாள் வந்து உக்காந்தப்பவே கைய வச்சா தெரிஞ்சிது. நீங்க சொல்வீங்க, பிரிச்சிட்டு திரும்ப ஓட்டலாம்னு பாத்தேன். சொல்லல. சரி, மொதலாளிகிட்ட சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

தெரிந்தே இருந்தாளாம். "நேத்து மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்" என்றேன். ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி.

"யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்ல. அவரு மட்டும்."

ஒரு வாய் சாதம் போட்டுக்கொண்டாள். மென்று முழுங்கினாள். "என்னை அத்தினி பேரு எதிர்ல சொன்னீங்க. உங்களுக்கு மட்டும் ஆளில்லாத நேரமா பாத்துக்கினீங்களா?"

அதற்கப்புறம் நாலு மணி நேரம் நெய்தோம். ஓர் இழைகூட அறவில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

தறி இல்லை. துணி துவைத்தேன். குப்பையைப் பிரித்து இரண்டு வாளியில் போட்டேன், பெரிய சாதனை. இரண்டு இட்லி. நாளைக்குக் கடையில் எல்லார் எதிரிலும் எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதலில் "காய்ச்சல்" வருகிறது. அவசரம் வருகிறது. காய்ச்சலையும் அவசரத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நான்.

ஐப்பசி 25, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. நேற்று மத்தியானம் புடவை முடிந்தது. அறுத்தோம். மடிக்கும்போது ஒரு முனை அவள் கையில், ஒரு முனை என் கையில். நாலு மணிக்குக் கடை.

கடையில் நல்ல கூட்டம். முகூர்த்த மாதம் வருகிறதே. முதலாளி, கணக்கர், புடவை கொண்டுவந்த நெசவுக்காரர்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் அன்றைக்கும் இருந்தவர்கள். திருப்பதிப் பக்கத்திலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க வந்த ஒரு குடும்பம். தே. ஓரமாக நின்றாள். கணக்கர் வழக்கம்போல வலப்பக்கக் கரையை மட்டும் விரலால் நீவி நீவிப் பார்த்தார். பதினாலு மாதமாக அப்படித்தான் பார்க்கிறார். எங்கள் புடவைக்கு மட்டும்.

"அப்பிடி பாக்க வேணாங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "போன வருஷம் கரை பிரிஞ்சிதே, அது இவ ஓட்டுனது இல்ல. நான் ஓட்டுனது. அன்னிக்கி இவ தறியிலயே இல்ல. நான் பொய் சொன்னேன்."

திருப்பதிக்கார அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் "ஏமைந்தி?" என்று, என்ன நடந்தது எனக் கேட்க, அவர் தெலுங்கில் மெதுவாக விளக்கினார். நான் செய்தது இன்னொரு பாஷையிலும் ஒரு தடவை சொல்லப்பட்டது. அந்தம்மா என்னைப் பார்த்துவிட்டு, தே.வைப் பார்த்தார்.

நெசவுக்காரர்களில் ஒருவர்: "அடப்பாவி! இத்தினி நாளா?"

முதலாளிக்கு வாடிக்கையாளர் முன்னால் இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "சரி சரி, ஆச்சுப்பா, விடு. பழைய கத."

தே. வெளியே வந்து செருப்பு போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். என்ன எதிர்பார்த்தேன்? எழுதவே கூசுகிறது. ஆறு மாதம் இருக்கிறதே, மனுவைத் திரும்ப வாங்கலாமே என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

"சொன்னது நல்லது" என்றாள். "தெருவுல தல நிமிந்து நடப்பேன். அதுக்கு ஆச்சு." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "ஆனா அன்னிக்கி அந்தம்மா என்னை சபிக்கறப்ப நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். நீங்க பொடவையப் பாத்தீங்க. அது ஒரு நிமிஷம் இல்ல, ரொம்ப நேரம். அத இன்னா பண்றது, சொல்லுங்க? நீங்களே சொல்லுங்க."

நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். கோபமாகக்கூட இல்லை. ஷேர் ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டாள்.

ஐப்பசி 27, வியாழன்

மழை இல்லை. காலை முழுக்கத் தறிக்குழியைச் சுத்தம் செய்தேன்.

பதினொன்றுக்குக் கடை. முதலாளி புதுப் பாவு எடுத்து வைத்திருந்தார். கோர்வை, மூன்று முகூர்த்தப் புடவை, நல்ல நிறம். "பக்கத்துக்கு ஆள் பாத்துட்டியா? இல்லன்னா நான் ஒரு பொண்ண அனுப்பட்டுமா?"

கோர்வை வேண்டாம், கரை இல்லாத புடவை கொடுங்கள் என்றேன். ஒரே ஆள் ஓட்டுகிற பாவு.

"ஏம்பா? நல்லாத்தானே ஓட்டுவ."

"தப்பு வந்தா யாருன்னு கேக்க வேணாம் பாருங்க" என்றேன்.

முதலாளி சிரித்தார். கணக்கர் சிரிக்கவில்லை. பாவுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தேன்.